மலைநாட்டில் ஒரே ஒரு ரவுண்ட்: திகனவா, நுவரெலியாவா?

கேள்வி கேட்ட தம்பி கொழும்பில் கோல்ப் ஆடிப் பழகியவர். ஹேண்டிகேப் 24, அதாவது ஒரு ரவுண்டில் (பதினெட்டு குழி) கைதேர்ந்தவரை விட ஏறத்தாழ 24 அடி கூடுதலாக எடுப்பவர். மார்ச் கடைசியில் மனைவி, 12 வயது மகனோடு மூன்று நாள் மலைநாட்டுக்கு வருகிறார். அதில் ஒரு காலைப்பொழுது மட்டும் கோல்ப் ஆட வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. திகனவில் இருக்கும் விக்டோரியா மைதானமா, நுவரெலியா மைதானமா? கஷ்டமான குழிகள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, பை நிறையப் பந்தோடு போய் வெறும் பையோடு திரும்பாமல் எப்படி ஆடுவது? மகனும் கூட நடக்கலாமா? இவைதான் அவர் கேட்டது.

நான் நுவரெலியாவில் பதின்மூன்று வயதில் பை தூக்கத் தொடங்கியவன். சனி, ஞாயிறு, ஸ்கூல் லீவு நாட்களில் கேடி வேலை. (நம் தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு அர்த்தத்தை வைத்து எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் என்னை ஓட்டாத ஆள் இல்லை.) சொந்தமாக ஒரு செட் வாங்கி ஆட ஆரம்பித்தது முப்பது வயதுக்குப் பிறகு, கண்டியில் வேலை கிடைத்த பின்தான். அதனால் இரண்டு மைதானங்களையும் பை தூக்கியவன் கண்ணாலும் பந்து தொலைத்தவன் கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். காட்சிக்காகவும் விரிந்த இடத்தில் ஆடும் சுகத்துக்காகவும் என்றால் விக்டோரியா. பழைய காலத்து கோல்ப் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும், நேராக அடிக்கவும் தெரியும் என்றால் நுவரெலியா. 24 ஹேண்டிகேப்காரர் முதல் தடவை வருகிறார், அதுவும் ஒரே ரவுண்ட் என்றால் நான் விக்டோரியாவுக்குத்தான் அனுப்புவேன். அங்கே தப்பாக அடித்த பந்தைத் தேடிப் பிடித்து மறுபடி ஆட ஓரளவு இடம் இருக்கிறது. நுவரெலியாவில், பந்து போக வேண்டிய புல்வழியான பெயார்வேயின் இரண்டு பக்கமும் சைப்பிரஸும் பைனும் யூக்கலிப்டஸும் சுவர் மாதிரி நிற்கும். வலப்பக்கம் வளையும் பந்துதான் உங்கள் வழக்கமான பந்து என்றால், அன்றைய நாள் மரத்துக்கும் உங்களுக்கும்தான் பேச்சுவார்த்தை.

இரண்டுக்கும் வயதில் நூறு வருஷத்துக்கு மேல் வித்தியாசம். நுவரெலியா கோல்ப் கிளப் 1889இல் தொடங்கியது. ஊரின் நடுவிலேயே, கிராண்ட் ஹோட்டலுக்கும் ஹில் கிளப்புக்கும் பக்கத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,880 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் 2,524 மீற்றர் பீதுருதாலகால. நீளம் அதிகம் இல்லை. அதன் பலம் எல்லாம் இடுக்கிலும் ஓடையிலும்தான்.

விக்டோரியா அப்படி இல்லை. கண்டியிலிருந்து கிழக்கே 20 கிலோமீற்றர் அளவில், தும்பறைப் பள்ளத்தாக்கில் ராஜவெல்லப் பக்கம், டொனால்ட் ஸ்டீல் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளர் போட்ட மைதானம். 1990களின் கடைசியில் திறந்தது. பார் (நன்றாக ஆடுகிறவர் எடுக்க வேண்டிய அடிகளின் கணக்கு) 73. ஆகப் பின்னால் இருக்கும் டீயிலிருந்து (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) ஆடினால் ஏறத்தாழ 6,900 யார் (கஜம்). மூன்று பக்கமும் விக்டோரியா நீர்த்தேக்கம், முதுகுப் பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். நீங்கள் படத்தில் பார்த்து மயங்கியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நீரைப் பற்றி ஒரு வார்த்தை. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் கட்டிய விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் அடியில் போய்விட்டது. நிரம்பி நிற்கும்போது கடல்மட்டத்திலிருந்து 438 மீற்றர். வறட்சி வருஷத்தில் மட்டம் இறங்கி, கரையில் செம்மண் படிப்படியாகத் தெரியும். அதனால் ஒருவர் எடுத்த படத்தில் குழிக்குப் பின்னால் நீலமாகத் தண்ணீர் இருக்கும், நீங்கள் போகும் நாளில் அதே இடத்தில் சிவப்பாக மண் இருக்கலாம். மார்ச் கடைசி என்பதால் சொல்லிவைக்கிறேன், ஏமாந்துபோகாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி, கஷ்டமான குழிகள். கொழும்பில் ஆடுகிறவர்கள் மலைக்கு வந்தால் தூரத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் அவர்களைக் கவிழ்ப்பது தூரம் இல்லை, கண். மலையில் எது சமம், எது சரிவு, எது கிட்ட, எது எட்ட என்று கண் சொல்வது பாதி பொய். பெரிய மலை ஒன்று பின்னால் நின்றால் அதன் முன்னால் இருக்கும் சின்னச் சரிவு சமதளம் மாதிரித் தெரியும். சில இடத்தில் இறக்கம் ஏற்றமாகவே தெரியும்.

இதை எனக்குப் புரியவைத்தது கோல்ப் இல்லை, அப்பாவின் வேலை. அப்பா தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மண் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைத்தண்ணியை மெல்ல ஒரு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கானுக்குச் சரிவு கூடினால் தண்ணி மண்ணை அரிக்கும், குறைந்தால் தேங்கிக் கரை உடையும். கணக்கப்பிள்ளை சரிவு அளக்கும் கருவியான ரோட் ட்ரேசரை வைத்துப் பார்த்து முளை அடிப்பார். முளை வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தால் மேலே ஏறுவது போல இருக்கும். தண்ணி விட்டால் அந்தப் பக்கம்தான் ஓடும். ஒருநாள், "என்னப்பா மேட்டுப் பக்கம் போகுது" என்று கேட்டேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "தண்ணிக்குக் கண்ணு இல்லடா. அதுனால அது ஏமாறாது" என்றார்.

அது எனக்கு மைதானத்தில்தான் உதவியது. கொழும்பிலிருந்து வருஷா வருஷம் சீசனுக்கு வரும் ஒரு வயதான ஐயாவுக்கு அன்றைக்குப் பை தூக்கினேன். காலை ஏழு மணி இருக்கும், கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முழுக்கப் பனித்துளி. குழிக்குப் பத்துப் பன்னிரண்டு அடியில் அவர் பந்து. குனிந்து, நிமிர்ந்து, பின்னால் போய் எல்லாம் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் வளையும், இல்லையா தம்பி?" என்றார். எனக்கும் பார்த்தால் இடப்பக்கம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் கிரீனுக்கு வெளியே இருந்த சின்னக் கான் வலப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அதோடு அவர் நண்பர் சற்று முன் தட்டிய பந்து பனித்துளியில் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கோடும் கடைசி மூன்றடியில் வலப்பக்கம் மடங்கியிருந்தது. "வலது, ஐயா" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பதின்மூன்று வயதுப் பையன் சொல்லி நான் கேட்பதா என்கிற பார்வை. ஆனாலும் கேட்டார். பந்து விழுந்தது. அன்றைக்குக் கிடைத்த சந்தோஷக் காசில் வீட்டுக்கு மீன் வைத்த மாலுபணிஸ் வாங்கிப் போனேன்.

அதனால் கிரீனுக்கு நடந்து வரும்போதே, ஒரு முப்பது நாற்பது யார் தூரத்திலிருந்தே பாருங்கள்: இங்கே ஒரு வாளி தண்ணி ஊற்றினால் எந்தப் பக்கம் போகும்? விக்டோரியாவில் பெரும்பாலும் நீர்த்தேக்கம் இருக்கும் திசைக்கு. நுவரெலியாவில் மலையிலிருந்து விலகி, பக்கத்தில் இருக்கும் ஓடையை நோக்கி. கிரீனுக்கு மேலே ஏறி நின்று குனிந்து பார்த்தால் சூழ்ந்திருக்கும் மலை உங்களை ஏமாற்றும். தூரத்தில், தாழ்ந்த பக்கத்தில் நின்று பார்த்தால் அவ்வளவு ஏமாற்றாது. புல் படுத்திருக்கும் திசையும் உண்டு: பளபளவென்று தெரிந்தால் புல் உங்களை விட்டு அந்தப் பக்கம் படுத்திருக்கிறது, பந்து ஓடும். மங்கலாகத் தெரிந்தால் உங்களைப் பார்த்துப் படுத்திருக்கிறது, கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், குழிக்குத் தாழ்ந்த பக்கமாகப் பந்தைக் கொண்டுவந்து வையுங்கள். மேட்டிலிருந்து இறக்கத்தில் தட்டும் மூன்றடியை விட, கீழிருந்து ஏற்றத்தில் தட்டும் ஆறடி எவ்வளவோ மேல்.

அடுத்தது பந்து கிடக்கும் நிலை. கொழும்பில் பயிற்சி ரேஞ்சில் சமமான பாயில் நின்று அடித்துப் பழகிய கால்களுக்கு இங்கே ஒரு சம இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வலக்கைக்காரர் என்றே வைத்துச் சொல்கிறேன். பந்து பாதத்தை விட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் இழுக்கும். கிளப்பை (பந்தை அடிக்கும் மட்டை) கொஞ்சம் கீழே தள்ளிப் பிடித்து, வலப்பக்கம் குறி வையுங்கள். பந்து பாதத்தை விடத் தாழ்வாக இருந்தால் வலப்பக்கம் ஓடும். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அடிக்கும்போது பாதியிலேயே உடம்பு நிமிர்ந்துவிடும், பந்தின் தலையில் தட்டி அது முயல் மாதிரி ஓடும். முழங்காலை மடக்கியபடியே கடைசி வரை இருங்கள், முக்கால் வீச்சு போதும். ஏற்றத்தில் நின்று அடித்தால் பந்து உயரமாகப் போய்க் கிட்டவே விழும், இன்னும் தூரம் போகும் அடுத்த கிளப்பை எடுங்கள். இறக்கத்தில் நின்று அடித்தால் தாழப் பறந்து விழுந்த பின் உருளும். இரண்டிலும் தோள்கள் சரிவோடு சேர்ந்து சாய வேண்டும். சரிவோடு சண்டை பிடித்து நிமிர்ந்து நின்றால் தரைதான் முதலில் அடிபடும்.

உயரத்திலிருந்து கீழே அடிக்கும் பார் 3தான் எல்லோரும் படம் எடுக்கிற குழி, எல்லோரும் பந்து தொலைக்கிற குழியும் அதுதான். கணக்கு எளிது. கீழே இறங்கும் உயரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே தூரத்திலிருந்து கழியுங்கள். கார்டில் 160 யார், கிரீன் 20 யார் தாழ்வாக இருக்கிறது என்றால் 140 யாருக்கு அடிக்கிற கிளப்தான். ஆனால் பந்து நீண்ட நேரம் காற்றில் நிற்பதால், சாதாரணமாகக் கவனிக்காத காற்றும் அதைத் தள்ளிக்கொண்டு போகும். டீயில் மரங்களின் மறைவில் நிற்கும்போது காற்றே இருக்காது. அதனால் உங்கள் சட்டையைப் பார்க்காதீர்கள், நீர்த்தேக்கத்தின் மேல் அலை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். தென்னை ஓலை தெரிந்தால் இன்னும் நல்லது.

இப்படி ஒரு குழியில் என் நண்பர் ஒருவர் நாற்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். முதல் பந்து கிரீனைத் தாண்டித் தண்ணிக்குள். "கிளப் கூடிப்போச்சு" என்று அடுத்ததைக் குறைத்து அடித்தார், முன்னால் இருந்த பள்ளத்தில். மூன்றாவது பந்து காற்றோடு வலப்பக்கம், குற்றிக்கட்டைக்கு வெளியே. கூட இருந்த கேடி அண்ணன் முதலிலேயே, "சேர், கிரீனுக்கு இடப்பக்கம் கட்டையாகப் போடுங்க, அங்கிருந்து சிப் பண்ணலாம்" என்று சொல்லியிருந்தார். (சிப் என்றால் கிரீனுக்குள் போடும் சின்ன அடி.) நண்பர் கேட்கவில்லை. பிறந்தநாள் அல்லவா. கார்டில் என்ன எழுதுவது என்று யாரும் பேசவில்லை. கேடி அண்ணன் மட்டும் பையிலிருந்து நாலாவது பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, எதுவும் சொல்லாமல் நீட்டினார்.

அந்த அண்ணன் சொன்னதுதான் 24 ஹேண்டிகேப்காரருக்கு வேலைசெய்யும் வழி. கார்டை எடுத்தவுடன் பார்க்க வேண்டியது ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் வரிசை, அதாவது எந்தக் குழி ஆகக் கஷ்டம் என்று 1 முதல் 18 வரை போட்ட எண். 24 அடி சலுகை கிடைக்கிறது என்றால் பதினெட்டு குழிக்கும் தலைக்கு ஒன்று, மிச்சம் ஆறு, இன்டெக்ஸ் 1 முதல் 6 வரை உள்ள குழிகளுக்கு. ஆக, ஆகக் கஷ்டமான பார் 4 உங்களுக்குப் பார் 6. மூன்று தடவை அடித்துக் கிரீனுக்குப் பக்கத்தில் வந்து, ஒரு சிப், இரண்டு தட்டு. இதற்கு ஆக நீளமான கிளப்பான டிரைவரும் வேண்டாம், பள்ளத்தைப் பறந்து கடக்கும் வீரமும் வேண்டாம். ஆனால் அந்த 24 என்பது கொழும்புக் கணக்கு. 2020இலிருந்து உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை வந்துவிட்டதால், உங்கள் ஹேண்டிகேப் இன்டெக்ஸை மைதானத்தின் ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்று காட்டுவது) பெருக்கி 113ஆல் வகுக்க வேண்டும். அதோடு கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (கைதேர்ந்தவர் எடுக்கக்கூடிய அடிகளின் மதிப்பீடு) பாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஸ்லோப் 130 என்றால் வகுத்தவுடன் 27.6 வந்துவிடும். ஆடப்போகும் டீக்கு எவ்வளவு என்று கவுண்டரில் கேட்டு, அந்த எண்ணோடு ஆடுங்கள். ஆகப் பின்னால் இருக்கும் டீயில் நின்று படம் எடுங்கள், அங்கிருந்து ஆட வேண்டாம்.

பள்ளத்தையோ தண்ணியையோ கடக்க வேண்டிய இடத்தில் நான் வைத்திருக்கும் விதி இது: பறந்தே கடக்க வேண்டிய தூரத்தை, பத்தில் ஏழு தடவையாவது அடிக்கக்கூடிய கிளப் கையில் இருந்தால் போ. இல்லாவிட்டால் கிட்டே போய் நின்றுகொள். வாழ்க்கையில் ஒரு தடவை அடித்த அடி கணக்கில் சேராது.

பந்து போய்விட்டது என்றால் விதியைத் தெரிந்து வைத்திருப்பது மூன்று நான்கு அடியை மிச்சப்படுத்தும். சிவப்புக் குற்றிக்கட்டை போட்ட நீர்ப்பகுதி என்றால், பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடலாம். ஒரு அடி தண்டம். மஞ்சள் என்றால் இந்தப் பக்கவாட்டுச் சலுகை இல்லை. கடந்த இடத்தையும் குழியையும் சேர்க்கும் கோட்டில் பின்னால் போக வேண்டும், அல்லது பழைய இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கட்டைக்கு வெளியே போனால் தண்டத்தோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். சந்தேகமாக இருந்தால் நடப்பதற்கு முன்பே "ப்ரொவிஷனல்" (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடும் மாற்றுப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். மலை ஏறிப் போய், திரும்ப இறங்கி வந்து அடிப்பது மாதிரி ஒரு தண்டனை வேறு இல்லை. தேடும் நேரம் 2019இலிருந்து மூன்று நிமிஷம்தான், ஐந்து இல்லை.

மிருகம் தோண்டிய குழியில் பந்து விழுந்தால் தண்டம் இல்லாமல் எடுத்து விடலாம். காட்டுப்பன்றி உள்ள ஊரில் இது படித்து வைக்க வேண்டிய விதி. குரங்கோ காகமோ கிடந்த பந்தைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தீர்களா, அதற்கும் தண்டம் இல்லை, கிடந்த இடத்தில் இன்னொன்றை வைத்து ஆடுங்கள். பார்க்காமல் "குரங்குதான் எடுத்திருக்கும்" என்று சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே ரவுண்டில் மூன்று பந்தைக் குரங்கின் கணக்கில் எழுதினார். அன்றைக்கு ஒரு குரங்கையும் நாங்கள் பார்க்கவில்லை.

புற்றையும் புதரையும் கையால் கிளறாதீர்கள். திகனப் பக்கம் பாம்பு உண்டு. கிளப்பால் தட்டிப் பாருங்கள், பந்து ஒன்றுதானே.

நீட்டுப் புல்லில் பந்து புதைந்தால் நீளக் கிளப்பை மறந்துவிடுங்கள். மண்வெட்டி போடுகிற மாதிரி மேலிருந்து செங்குத்தாக, முகம் சரிந்த கட்டைக் கிளப்பான வெட்ஜால், பெயார்வேக்கு ஆகக் கிட்டத்து வழியில். நுவரெலியாவில் மரத்துக்குள் போனாலும் இதே. இரண்டு சைப்பிரஸுக்கு நடுவில் ஒரு சின்ன ஜன்னல் தெரியும், அது வழியாக கிரீன் கூடத் தெரியும். அந்த ஜன்னலை நம்பி நான் பை தூக்கிய காலத்தில் துரைமார்கள் தொலைத்த அடிகளை எண்ணினால் இன்னொரு ரவுண்டே ஆடலாம். பக்கவாட்டில் தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

நுவரெலியாவைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் இரண்டு விஷயம். உயரத்தில் காற்று மெலிவதால், கடல்மட்டத்தை விட அங்கே பந்து ஆறு ஏழு சதவீதம் தூரம் போக வேண்டும். ஆனால் கொழும்பு முப்பது பாகைச் சூட்டிலிருந்து காலைக் குளிருக்குள் போகிறீர்கள். குளிரில் காற்று அடர்த்தியாகும், பந்து இறுகும், உங்கள் முதுகும் இறுகும். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ அரை கிளப் லாபம் மிஞ்சும், அவ்வளவுதான். முதல் நாலு குழிக்கு அந்த லாபத்தையும் எண்ண வேண்டாம்.  டிரைவரை எடுக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற டீயில் 5ஆம் நம்பர் அயனோ ஹைபிரிட்டோ போதும்.

மற்றது நேரம். இரண்டு இடத்திலும் காலையிலேயே தொடங்குங்கள். நுவரெலியாவில் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் ஐம்பது யாருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுக்க மாலையில் இடிமழை வருவது மலைநாட்டில் வழமை. முதல் இடி கேட்டவுடன் கிளப்பைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். தனி மரத்தடியில் நிற்கவே கூடாது. ஆட்டத்தை நிறுத்தியதற்குத் தண்டம் இல்லை, மின்னலுக்கு விதிப்புத்தகமே இடம் கொடுத்திருக்கிறது. நுவரெலியா மைதானத்தின் ஓரத்தில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறைக் கல் பிளந்து கிடப்பதும் மின்னலால்தான் என்று ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் இடி இடித்தால் அந்தப் பக்கம் விழுந்த பந்தை எடுக்க எங்களில் யாரும் போகமாட்டோம்.

எங்கே ஆடினாலும் கேடி எடுத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை. பையைத் தூக்குவது அவர் வேலையில் சின்னப் பகுதி. அவர் முன்னால் போய் நின்று உங்கள் பந்து விழும் இடத்தைப் பார்ப்பார், எந்தக் கிரீன் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவருக்குக் கால் சொல்லும். முதல் டீயிலேயே பெயரைக் கேட்டு, உங்கள் உண்மையான தூரத்தைச் சொல்லிவிடுங்கள். "7ஆம் நம்பர் 150 போகும்" என்று பெருமைக்குச் சொன்னால் அவர் அதை நம்பி 150க்கு 7ஐ நீட்டுவார், பந்து 130இல் ஓடைக்குள் விழும், பிறகு அவரைக் குறை சொல்வீர்கள். எத்தனை தடவை அந்த ஏச்சை வாங்கியிருக்கிறேன்! தமிழில் பேசுங்கள். இரண்டு இடத்திலும் சுற்றிவரத் தோட்டங்கள், நம்மவர்கள் இருப்பார்கள். இலங்கையிலிருந்து இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிய என். தங்கராஜா, கே. பிரபாகரன் பெயரை எடுத்தால் பதினெட்டாவது குழி வரை பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

உடுப்பு விஷயத்தில் பழைய கிளப்கள் கண்டிப்பு. கொலர் வைத்த சட்டை, டெனிம் இல்லாத டிரவுசர், இரும்பு முள் இல்லாத சப்பாத்து. நுவரெலியாவில் இரவுச் சாப்பாட்டுக்கு டையும் கோட்டும் கேட்கும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது, ஹில் கிளப்பில் சாப்பிட நினைத்தால் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் சீசன் தொடங்கிவிட்டால் நுவரெலியாவில் டீ நேரம் (ஆடத் தொடங்கும் நேரம்) கிடைப்பது கஷ்டம், மார்ச் கடைசியிலும் வார நாளாகப் பார்த்துச் சொல்லி வையுங்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு புசல்லாவ, றம்பொடை வழியாக 77 கிலோமீற்றர்தான், ஆனால் வளைவு பாதை. மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே போய் அன்றைக்கே ஆட வேண்டாம்.

மகனைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் கூட்டிப் போங்கள், முன்னமே சொல்லிவிட்டால் நடந்து வர அனுமதிப்பார்கள். ஆனால் விக்டோரியாவில் பதினெட்டும் ஏறி இறங்கிச் சூரியன் உச்சிக்கு வரும் வரை நடப்பது பெரியவர்களுக்கே கால் கடுக்கும் வேலை. தொப்பி, தண்ணிப் போத்தல், பிடிமானம் உள்ள சப்பாத்து வேண்டும். நுவரெலியா என்றால் ஸ்வெட்டர், ஈரப்புல்லில் நடந்தபின் காலில் அட்டை இருக்கிறதா என்று ஒரு பார்வை. முதல் ஒன்பதோடு நிறுத்தி அம்மாவிடம் அனுப்பிவிடலாம். அதுவரை கிரீனில் அவனை முதலில் நிற்கவிட்டு, தண்ணி ஊற்றினால் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். நீங்கள் தட்டிய பிறகு யார் சொன்னது சரி என்று பார்த்து, குழிக்கு இருபது ரூபாய் பந்தயம் வையுங்கள். சில்லறை கொஞ்சம் கூடவே கொண்டுபோங்கள்.